அம்ச நோக்கு நிரலாக்கத்தில் செயற்கூறு முரண்

அம்ச நோக்கு நிரலாக்கத்தில் செயற்கூறு முரண் என்பது, ஒரு வகுப்புக்கு ஒரே பெயரும் ஒரே உள்ளீட்டு வகைகளும் கொண்ட இரு செயற்கூறுகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்வதால் எழும் சிக்கலைக் குறிக்கும். செயற்கூறு ஜாவா போன்ற மொழிகளில் மெத்தட் எனப்படுகிறது. இம்முரண்களில் பலவற்றைக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி பிழையாகக் காட்டிவிடும். சிலவற்றைக் காட்டாது.

பின்னணி

பதிவேடு எழுதுதல், அனுமதி சோதித்தல் போன்று பல வகுப்புகளில் சிதறிக் கிடக்கும் பணிகளை அம்சம் என்னும் தனி அலகில் தொகுப்பதே இந்நிரலாக்க முறையாகும். கிரெகர் கிக்சாலஸும் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த அவரது குழுவினரும் 1997இல் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஜாவாவின் விரிவாக்கமான ஆஸ்பெக்ட்ஜே மொழியும் அங்கேயே உருவானது. 2002இல் அது எக்லிப்ஸ் திட்டத்திற்கு மாற்றப்பட்டது. ஆஸ்பெக்ட்ஜேயில் ஓர் அம்சம், வேறொரு வகுப்பின் மூல நிரலைத் தொடாமலேயே அதில் புதிய செயற்கூறைச் சேர்க்க இயலும். முரண் தோன்றுவது இதனால்தான்.

பிழை காட்டப்படும் இடங்கள்

விடுதி அறைகளுக்கான மென்பொருளில் "முன்பதிவு" என்ற வகுப்பு உள்ளதாகக் கொள்வோம்.

* அவ்வகுப்பில் "பதிவுசெய்" என்ற செயற்கூறு ஏற்கெனவே இருக்க, ஓர் அம்சமும் அதே உள்ளீட்டு வகைகளுடன் பொது அணுக்கமுள்ள "பதிவுசெய்" ஒன்றைச் சேர்த்தால், எதனை அழைப்பது என்று தீர்மானிக்க இயலாது. உள்ளீட்டு வகைகள் வேறாயின் முரண் இல்லை.
* இரண்டு அம்சங்கள் அதே செயற்கூறைச் சேர்த்து, அவற்றிடையே முன்னுரிமை வரையறுக்கப்படாவிட்டாலும் பிழையே.
* ஒரு செயற்கூறுக்கு முன்போ பின்போ இயங்குமாறு அம்சத்தில் எழுதப்படும் நிரல் அட்வைஸ் எனப்படும். ஒரே அம்சத்தில், ஒரே செயற்கூறுக்கு முன், பின், முன் என்ற வரிசையில் மூன்று அட்வைஸ்களை எழுதினால் முன்னுரிமை விதிகள் வட்டமாகச் சுழலும். தொகுப்பி இதனையும் ஏற்பதில்லை.

பிழை காட்டப்படாத இடங்கள்

"டிக்ளேர் பிரெசிடென்ஸ்" கூற்றின் மூலம் ஓர் அம்சத்திற்கு முன்னுரிமை அளித்தால், மேற்கூறிய இரண்டாவது பிழை நீங்கும். ஆனால் மற்ற அம்சம் சேர்த்த செயற்கூறு எவ்வித அறிவிப்பும் இன்றி விலக்கப்படும். துணை அம்சம் தன் மூல அம்சத்தைவிட இயல்பாகவே முன்னுரிமை பெறுவதால், இக்கூற்றை எழுதாத நிரலிலும் இது நேரலாம்.

இரண்டு அம்சங்களின் அட்வைஸ்கள் ஒரே இடத்தில் பொருந்தி, முன்னுரிமை குறிப்பிடப்படாவிட்டால், எது முதலில் இயங்கும் என்பதை மொழி வரையறுப்பதில்லை. பதிவேடு எழுதும் அட்வைஸ் அனுமதி சோதிக்கும் அட்வைஸை முந்தினால், மறுக்கப்பட வேண்டிய முன்பதிவும் பதிவேட்டில் ஏறிவிடும். இதனைச் சுட்டும் எச்சரிக்கை வசதி தொகுப்பியில் உண்டு. எனினும் அதன் இயல்பு அமைப்பில் அது அணைக்கப்பட்டுள்ளது. எனவே பிழையின்றித் தொகுக்கப்பட்ட நிரல் முரணற்றது எனக் கொள்ள இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* பொருள் நோக்கு நிரலாக்கம்
* ஜாவா
* தொகுப்பி