சியாம் துறவிகளும் கண்டியின் நாயக்க மன்னனும்

கண்டி வாவியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் பூங்காவை ஊர்க்காரர்கள் இன்றும் வேல்ஸ் பூங்கா என்றே சொல்கிறார்கள். அரச மாளிகைப் பூங்கா என்று பெயர் மாற்றியும் பழைய பெயர் போகவில்லை. வாவியை வெட்டிய கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த இடத்துக்கு ஒட்டிக்கொண்டது ஆங்கிலேய இளவரசரின் பட்டப்பெயர். உள்ளே நிற்கும் ஜப்பானியப் பீரங்கி இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் கைப்பற்றப்பட்டது. மவுண்ட்பேட்டன் பிரபு அன்பளித்தார். வெளிநாட்டு நினைவுகளுக்கு இவ்வளவு தாராளமாக இடம் கொடுத்த கண்டியில், இந்நகரின் மத வாழ்வையே மாற்றிவைத்த ஓர் அயல்நாட்டு மன்னனின் பெயரில் பூங்கா கிடையாது. அயுத்தியாவில் இருந்து சியாமை ஆண்ட பொரொம்மகோட்தான் அந்த மன்னன். அவன் அனுப்பிய துறவிகளின் சுவடு வாவிக்கரையில், மல்வத்து மகாவிகாரையில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையின் பௌத்த சங்கத்தில் முழுத் துறவு பெற்ற பிக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. உபசம்பதா என்னும் முழுத் துறவுச் சடங்கை நடத்த ஏற்கெனவே அதைப் பெற்ற ஐந்து பிக்குகளாவது வேண்டும். ஐவர் இல்லாத நாட்டில் ஆறாமவரை உருவாக்க வழியில்லை. விகாரைகளில் இருந்தவர்களைக் கணின்னான்சே என்றார்கள். அவர்களில் பலர் மனைவி மக்களோடு விகாரை நிலங்களை அனுபவித்து வந்தனர். இதை மாற்றப் புறப்பட்டவர் வெலிவிட்ட சரணங்கரர். ஒழுக்கம் பேணும் சிறு குழுவொன்றைத் திரட்டிக்கொண்டு, வெளிநாட்டிலிருந்தாவது பிக்குகளை வரவழைக்கும்படி மன்னர்களை அவர் விடாமல் வேண்டினார்.

அந்த மன்னர்கள் யார் என்பதில்தான் தமிழ் வாசகருக்குச் சுவை. 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறக்க, மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்த நாயக்கர் குடும்பத்துக்கு அரியணை போனது. பட்டத்தரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முதல் நாயக்க மன்னன். அவனுக்குப் பின் அவன் மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆண்டான். சைவக் குடும்பத்தில் பிறந்து தென்னிந்தியாவிலிருந்து வந்த இந்த இளைஞனின் காலத்தில்தான் இலங்கைப் பௌத்தம் மறுபடி உயிர்பெற்றது.

கண்டி அரசனிடம் கப்பல் இல்லை. கரையெல்லாம் ஒல்லாந்தர் கையில். ஆனால் ஒல்லாந்தருக்குக் கண்டியரசின் காடுகளில் விளையும் கறுவா வேண்டும். அதை உரிக்க மன்னனின் மனம் கோணாதிருக்க வேண்டும். கிறித்தவ வணிகக் கும்பனி ஒன்று பௌத்தத் துறவிகளுக்கு வாகனம் கொடுத்த விந்தைக்குப் பின்னால் இருந்தது பக்தியல்ல, பட்டைதான்.

முதல் முயற்சி கப்பல் உடைந்து முடிந்தது. அடுத்தது ஸ்ரீ விஜய ராஜசிங்கன் இறந்த செய்தியால் முடங்கியது. 1750இல் கீர்த்தி ஸ்ரீ அனுப்பிய தூதுக்குழு திருகோணமலையில் கப்பலேறி, மறு ஆண்டு அயுத்தியாவை அடைந்தது. தூதர்களில் ஒருவரான வில்பாகெதர அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிவைத்த சிங்களக் குறிப்பு இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குக் கைகொடுக்கிறது. பொரொம்மகோட் அவர்களை வரவேற்று, உபாலி தேரரின் தலைமையில் பிக்குகளையும், தங்கப் புத்தர் சிலையையும், இலங்கையில் அருகிப்போயிருந்த நூல்களையும் அனுப்பினான். திரும்பும் வழியிலும் இடைஞ்சல்கள். பத்தாவியா சுற்றி, 1753இல் திருகோணமலையில் இறங்கினார்கள்.

அவ்வாண்டு எசல பௌர்ணமியன்று மல்வத்தையில் உபசம்பதா நடந்தது. இன்று வாவி இருக்கும் இடம் அப்போது வயல். அந்த வயலோரத்தில் சரணங்கரரும் அவருடைய தோழர்கள் சிலரும் முழுத் துறவிகளானார்கள். மன்னன் சரணங்கரரைச் சங்கராஜராக்கினான். அப்படித் தொடங்கியதே சியாம் நிகாய என்னும் துறவு மரபு. இத்தனைக்கும் சியாமுக்கு இது திருப்பிக் கொடுத்த கடன். 13ஆம் நூற்றாண்டில் சுகோதாயில் வேரூன்றியது இலங்கை வழிவந்த பௌத்தம்தான்.

கண்டிப் பெரஹெராவிலும் உபாலியின் கை இருக்கிறது என்பார்கள். அதுவரை நாத, விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய தெய்வங்களின் ஊர்வலமாகவே அது இருந்ததாம். புத்தருக்கு அதில் இடமில்லையே என்று சியாம் துறவிகள் முகம் சுளிக்க, புத்தரின் புனிதப் பல்லான தலதாவை முன்னே கொண்டுபோகும்படி மன்னன் ஆணையிட்டான். பூம்புகாரில் தொடங்கும் கண்ணகி கதையின் நாயகியான பத்தினிக்கு ஊர்வலத்தில் இடம் போகவில்லை, வரிசைதான் மாறியது. உபாலி 1756இல் கண்டியிலேயே காலமானார்.

பிறகு வந்ததுதான் யாரும் எதிர்பாராத திருப்பம். பொரொம்மகோட் 1758இல் இறந்தபின், அயுத்தியாவின் அரண்மனைப் பூசலில் அவன் மகன் தெப்பிபித் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தான். பௌத்த அரச குருதி, அருகிலேயே! 1760இல் சமனக்கொடி என்ற அமைச்சனும் வேறு சில பிரதானிகளும் மல்வத்தைத் துறவிகள் சிலரும் சேர்ந்து கீர்த்தி ஸ்ரீயைக் கொன்றுவிட்டுச் சியாம் இளவரசனை அரியணையில் ஏற்றத் திட்டமிட்டனர். மன்னன் இன்னமும் திருநீறு பூசுகிறான் என்பது அவர்களின் குறைகளில் ஒன்று. விகாரைக்கு வரும் மன்னன் அமரும் ஆசனத்தின் அடியில் குழி தோண்டிக் கூர்முனைகள் நட்டுவைத்தார்கள் என்கிறது கதை. சேதி முன்பே கசிந்தது. சமனக்கொடி கொல்லப்பட்டான். சங்கராஜர் சரணங்கரரும் கொஞ்ச காலம் கண்டியைவிட்டு அகற்றப்பட்டார். இளவரசன் வெளியேற்றப்பட்டான். பின்னாளில், 1767இல் பர்மியர் அயுத்தியாவை அழித்தபின், அவன் பிமாயில் தனியரசு நடத்திப் பார்த்துத் சியாமின் புதிய மன்னன் தாக்சினிடம் தோற்று உயிரிழந்தான்.

தன்னைக் கொல்ல நினைத்த துறவிகளின் சங்கத்தைக் கீர்த்தி ஸ்ரீ கலைக்கவில்லை. சரணங்கரரைத் திரும்ப அழைத்தான். விகாரைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தான். கண்டியைச் சுற்றியுள்ள கங்காராமய, தெகல்தொருவ, மெதவலை விகாரைகளின் சுவரோவியங்கள் அவன் காலத்துக் கொடை. அதே சமயம், உபசம்பதா கொவிகம சாதிக்கு மட்டுமே என்ற கட்டுப்பாடும் அவன் ஆட்சியில்தான் உறுதிப்பட்டது. அதனால் ஒதுக்கப்பட்ட கரையோரத்தவர் பர்மா சென்று துறவு பெற்று, 1803இல் திரும்பி அமரபுர நிகாயவைத் தொடங்கினார்கள். அவனைப் புகழும்போது இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

சியாம் மன்னர் ஒருவர் நேரிலேயே கண்டிக்கு வந்தது 1897 ஏப்ரலில். ஐரோப்பா செல்லும் வழியில் வந்த சூலலங்கோர்ன் தலதாவைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பினார். மாளிகைப் பொறுப்பாளர்கள் மறுத்துவிட்டனர். மன்னர் கோபத்தோடு காணிக்கையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் சங்கத்தையே கொடுத்த நாட்டின் அரசரிடம் இவ்வளவு கறார் காட்டியிருக்க வேண்டியதில்லை.

கண்டிக்குப் போகும் தமிழ்ப் பயணிகள் பெரும்பாலும் தலதா மாளிகையை வணங்கிவிட்டு, கடைத்தெருவில் கொஞ்சம் சுற்றிவிட்டு, பேருந்தைப் பிடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை வாவியைச் சுற்றி மறுகரைக்கும் நடந்து போங்கள். மல்வத்தையின் உபசம்பதா மண்டபத்தையும் உபாலி தேரர் வாழ்ந்த இல்லத்தையும் பாருங்கள். நேரமிருந்தால் தெகல்தொருவைக்கும் ஒரு முச்சக்கர வண்டி பிடியுங்கள். மதுரை வழி வந்த மன்னன் என்ன விட்டுப்போனான் என்பது அங்கே சுவரிலேயே இருக்கிறது.