கணினி காட்டும் வழுவும் நம் பிள்ளைகளின் தமிழும்

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணியும் அதை அடுத்த சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன, நாங்களும் நின்றோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பேச்சு பிழைத்தது, எழுத்துதான் போயிற்று. என் பேத்திக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியே.

சென்ற கோடையில் அவள் கணினியில், "அக்கா திருப்பதியிலிருந்து வந்தது" என்று தட்டினாள். தப்பு என்றேன்.

"கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போடலையே தாத்தா!"

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. சொல்திருத்தி ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பார்க்கிறது. 'அக்கா' சரி, 'வந்தது' சரி. இரண்டும் பொருந்துகின்றனவா என்பது வாக்கியத்தைப் பிரித்தறிந்தால்தான் தெரியும். நன்னூலார் சொல்லும் ஏழு வழுக்களுள் இது திணை வழு.

வழு எங்கிருந்து வந்தது? தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றே. அக்காவும் 'வச்சிந்தி', பசுவும் 'வச்சிந்தி'. பிள்ளை அந்த அச்சில் தமிழை வார்க்கிறாள். ஆனால் பழியை முழுதும் தெலுங்கின்மேல் போடவும் முடியாது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் "அக்கா வந்துச்சு" என்பது வாஞ்சையான பேச்சுதானே! என் தாயாரும் அப்படித்தான் பேசுவார்.

கணினியை ஆசிரியராக்கும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றான பிளேட்டோ என்ற அமைப்பு 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழுக்குப் பேராசிரியர் தெய்வசுந்தரத்தின் மென்தமிழ், நீச்சல்காரனின் வாணி, நாவி ஆகியவை வந்தன. ஒற்று மிகுமா மிகாதா என்று தடுமாறும் என்னைப் போன்றோருக்கு நாவி பெரிய உதவி. ஆயினும் இவை தமிழ் அறிந்தவர் கைக்கு வார்த்த கருவிகள். தெலுங்கு வழியே தமிழுக்கு வரும் குழந்தைக்கு, "உன் பள்ளி மொழியில் இப்படி, தமிழில் இப்படி" என்று காட்டும் கருவி வேண்டும். அண்மையில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அதே வாக்கியத்தை இட்டேன். 'வந்தாள்' என்று திருத்தித் தந்தது, காரணம் சொல்லவில்லை.

"அப்போ கொள்ளுப்பாட்டி பேசினது தப்பா?" என்றாள் பேத்தி.

"பேச்சுக்கு அது சரி கண்ணு, எழுதறப்ப வேற" என்றேன். நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் தெலுங்கு வாக்கியங்களையும் மறுபக்கம் தமிழையும் எழுதத் தொடங்கினாள்.