தாயிடமிருந்து சேய்க்கு

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986 இல், சென்னையில். நுண்ணுயிரியற் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டனர். மறு ஆண்டே இலங்கையரில் முதலாவது தொற்றாளர் இனங்காணப்பட்டார். பின்னர் அச்சமும் அவதூறும் நோயைவிட விரைவாகப் பரவின.

சிகிச்சையின்றேல் நூற்றுக்கு 15 முதல் 45 வரையான குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து இக்கிருமி தொற்றலாம். உரிய வேளையில் மருந்து உட்கொண்டால் அது 5 வீதத்துக்கும் கீழிறங்கும். எச்.ஐ.வி.யும் சிபிலிசும் இவ்வழியில் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் உறுதிப்படுத்தியது. இப்பெருமையில் பெரும்பங்கு, ஊரூராகக் கர்ப்பிணிகளைப் பதிந்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய குடும்பநல உத்தியோகத்தர்களுக்கே உரியது.

அந்தப் பதிவு அறுந்தால் என்னாகும் என்பதை வன்னி அறியும். 2009 ஜனவரியில் கிளிநொச்சி படையினர் வசமானபோது, இரணைமடு நீரை நம்பி வாழ்ந்த வட்டக்கச்சி மக்களும் இடம்பெயர்ந்தனர். வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்த காலம் அது. மீள்குடியேறிய மண்ணில் கிளினிக்குகள் மீண்டும் எழுந்தன. கூச்சம் மட்டும் இடம்பெயரவில்லை. பரிசோதனையும் சிகிச்சையும் அரச வைத்தியசாலைகளில் இலவசம். அந்தரங்கமும் பேணப்படல் வேண்டும். வெட்கத்தால் கிளினிக்குக்கு வராத தாயின் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழும் காப்பாகாது.