கல்லாப்பெட்டிக்கு வந்த கோபம்

சென்ற வாரக் கட்டுரை 2023 மார்ச் 31ஆம் தேதியில் வந்து நின்றது. நிக்கோட்டின் திரவம் நச்சுப் பட்டியலிலிருந்து வெளியே வந்த நாள் அது. அந்த நாளின் கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் நுழையுமுன் ஒரு கணக்கைத் தீர்த்தாக வேண்டும். எட்டு ஆண்டுகளாக வேப் என்னும் மின்சிகரெட்டைப் பார்த்து "விஷம், விஷம்" என்று குரல் கொடுத்தவர்களில் உடம்புக்காகப் பேசியவர் யார், கல்லாவுக்காகப் பேசியவர் யார்?

டாக்டர்கள் உடம்புக்காகப் பேசினார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிக்கோட்டின் எந்தக் குழாய் வழியாக நுரையீரலுக்குள் போனாலும் பழக்கம் பழக்கம்தான். பள்ளிப் பைக்குள் மாம்பழ வாசனையோடு அது கிடப்பதை எந்தத் தாயும் ஏற்கமாட்டாள். 2015இல் மலேசியச் சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் சுப்பிரமணியத்தின் கையில் இருந்த ஆயுதம் 1952ஆம் ஆண்டின் நச்சுச் சட்டம் ஒன்றுதான். அதன்படி நிக்கோட்டின் 'சி' பிரிவு விஷம்; மருந்தாளரும் மருத்துவரும் மட்டுமே கொடுக்கலாம். அந்த ஆண்டு இறுதியில் அமைச்சின் அதிகாரிகள் வேப் கடைகளுக்குள் புகுந்து பாட்டில்களை அள்ளினார்கள். ஆனால் அதே நிக்கோட்டின் புகையிலைக்குள் இருந்தால் அந்தப் பட்டியல் அதைத் தொடாது. பாட்டிலில் இருந்தால் விஷம், சிகரெட்டில் இருந்தால் மளிகைச் சாமான். பட்டியலை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அமைச்சரவை தடைக்கு ஒப்பவில்லை. வேப் மலாய் இளைஞர்கள் கையில் வளர்ந்த தொழில் என்று வாதாடி முன்னால் நின்றவர் அன்றைய புறநகர் வட்டார மேம்பாட்டு அமைச்சர் இஸ்மாயில் சப்ரி. டிசம்பரில் தேசிய பத்வா மன்றம் வேப்பை ஹராம் என்றது. 2016 ஜனவரி 1 முதல் ஜொகூரில் விற்பனைக்குத் தடை. நம் ஜாசின்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லையில் ஓடும் கெசாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலாக்காவில் கடை, அந்தப் பக்கம் ஜொகூரில் குற்றம்.

இதற்கு நடுவில், 2015 நவம்பரில், சிகரெட் ஒன்றுக்கு 28 காசாக இருந்த கலால் வரி ஒரே தாவலில் 40 காசு ஆனது. டன்ஹில் பெட்டி 17 வெள்ளிக்குப் போனது. தோட்டத்தில் நாள்கூலி வாங்குகிறவர் கள்ளச் சிகரெட்டுக்கும் வேப்புக்கும் தாவினார். அடுத்த மார்ச்சில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபேக்கோ தன் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவித்தது; 2017இல் மூடியது. பின்னாளில் அந்தக் கம்பெனி தன் விற்பனைச் சரிவுக்குச் சொன்ன காரணங்களில் கள்ளச் சிகரெட்டோடு சட்டத்துக்குள் வராத நிக்கோட்டின் வேப்பும் சேர்ந்துகொண்டது. "ஒழுங்குபடுத்துங்கள், வரி போடுங்கள்" என்று அரசிடம் கேட்டது. கதவு திறந்த 2023லேயே 'வ்யூஸ்' என்ற சொந்த வேப்போடு கடைக்கு வந்துவிட்டது. என் கணிப்பு இதுதான்: தான் விற்கும் நாள் வரும்வரை மற்றவர் விற்பதுதான் அதற்கு வலித்தது.

நம் நாட்டோடு இது நிற்கவில்லை. 2019 செப்டம்பர் 18ஆம் தேதி இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மின்சிகரெட்டுக்கு முழுத் தடை என்று அறிவித்தார். தயாரித்தாலும் விற்றாலும் சேமித்து வைத்தாலும் குற்றம். அன்றே பங்குச் சந்தையில் சிகரெட் கம்பெனிகளின் விலை ஏறியது. நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் எல்ஐசி முதலான அரசு சார்ந்த நிறுவனங்கள் வைத்திருந்த பங்கு கால்வாசிக்கும் மேல். 'இயான்' என்று சொந்தமாக ஒரு மின்சிகரெட்டை விற்றுப் பார்த்த கம்பெனிதான் அதுவும். திருநெல்வேலிப் பக்கம் சுற்றும் பீடிக்கோ, கடையில் அடுக்கிய சிகரெட்டுக்கோ தடை இல்லை. பிள்ளைகளின் உடம்பு ஒன்றே காரணம் என்றால் பீடிப் புகை என்ன துளசித் தீர்த்தமா?

தாய்லாந்தில் சிகரெட் தொழில் நிதியமைச்சின் கீழ் உள்ள அரசு நிறுவனத்தின் கையில். அங்கே வேப் இறக்குமதிக்கு 2014 முதல் தடை. ஜப்பான் டொபேக்கோவில் மூன்றில் ஒரு பங்கை அரசு வைத்திருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அங்கே நிக்கோட்டின் திரவம் மருந்துச் சட்டத்தில் சிக்கிக் கிடக்கிறது, புகையிலையைச் சூடாக்கும் கருவி மட்டும் தாராளமாகக் கடையில். சீனத்தில் சிகரெட் அரசின் ஏகபோகம். அங்கே 2022 அக்டோபரிலிருந்து உள்ளூர் வேப்பில் பழ வாசனை கூடாது. ஷென்ஜென்னிலிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்காவில் 1998இல் 46 மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. 25 ஆண்டுகளில் 206 பில்லியன் டாலர். தொகை விற்பனையைப் பொறுத்தது. சிகரெட் குறைந்தால் பணமும் குறையும். பல மாநிலங்கள் வரப்போகும் அந்தப் பணத்தை அடகு வைத்துக் கடன் பத்திரம் விற்றுவிட்டன. மக்கள் புகைப்பதை நிறுத்தினால் மாநிலக் கஜானாவுக்கு இடி. இந்த நிலையில் உள்ள அரசு புதிய போட்டிச் சரக்கைப் பற்றிச் சொல்லும் எதையும் நான் இரண்டு முறை படித்த பிறகுதான் நம்புவேன்.

மலாக்காவுக்கு இது புதிதா? இல்லவே இல்லை. சண்டு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அபினைக் காய்ச்சிச் சண்டு ஆக்கி விற்கும் உரிமையைப் பிரிட்டிஷ் அரசு ஏலம் விட்டது. 1870களில் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ், நம் மலாக்கா எல்லாவற்றின் ஏலத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது சியாங் ஹோங் லிம், தான் செங் போ, தான் ஹியோக் நீ என்ற மூவரின் கூட்டு. சிங்கப்பூரில் ஹோங் லிம் பூங்கா என்று இன்றும் இருக்கிறதே, அவர் பெயர்தான். ஒரே கையில் இருந்தால்தான் கெசாங் போன்ற ஆறுகளைத் தாண்டிக் கள்ளச் சண்டு வராது. பிடிக்க அவர்களே ஆள் வைத்திருந்தார்கள். நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் பாதிக்கு அருகில் அபின் பணம். பின்னால் மலிவான மார்பின் ஊசி வந்து சண்டு வியாபாரத்தைக் கடித்தபோது அதை அடக்கச் சட்டம் கேட்டவர்களில் ஏலதாரர்களும் இருந்தார்கள். சண்டு குழாயை அவர்கள் கீழே வைக்கவில்லை. 1910இல் ஏலத்தை எடுத்துவிட்டு அரசே காய்ச்சி விற்க ஆரம்பித்தது. 1925இல் சண்டு வருமானம் நின்றால் ஈடுகட்ட ஒரு சேமநிதி வைத்தார்கள். அப்படியும் ஜப்பானியர் வந்து நாடு கைவிட்டுப் போன பிறகு, 1943 நவம்பரில்தான் லண்டனுக்குத் தடை என்ற சொல் வாயில் வந்தது.

சண்டு பெரும்பாலும் சீனர் கதை. நம் கதை கள்ளு.

இந்த வட்டாரத்தில் புக்கிட் அசகானில் தான் சே யான் மரவள்ளியோடு ரப்பர் கன்று நட்ட காலத்திலிருந்து பார்த்தால், தோட்டத்துக்குத் தமிழனைக் கொண்டுவந்ததும் கள்ளுக்கடை வந்ததும் ஒன்றையொன்று ஒட்டியே நடந்தவை. தோட்டக் கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுத்தது அரசு, நடத்தியது நிர்வாகம். காலையில் பால்மரம் வெட்டியவன் வாங்கிய கூலி மாலையில் அதே நிர்வாகத்தின் கடைக்குத் திரும்பியது. லாபம் ஒரு நிதியில் சேரும். அதைத் தொழிலாளர் நலனுக்குச் செலவழிப்பதாகச் சொல்வார்கள். துரை தன் கையிலிருந்து கொடுத்ததுபோல் பேர் வாங்கிக்கொள்வார். யாராவது ஒளித்துச் சம்சு என்ற சாராயத்தைக் காய்ச்சினால் தேடி வருவது டாக்டர் இல்லை, சுங்கத் துறை.

இந்த ஏற்பாட்டை நேருக்கு நேர் எதிர்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' இதழில் துணையாசிரியர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். நம் பாடப்புத்தகங்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பொறுக்காத விஷயம். 1941இல் ஐரோப்பிய யுத்தத்தால் ரப்பருக்கு ஏறுமுகம். தோட்டத்துத் தமிழனின் நாள்கூலி மட்டும் 50 காசைச் சுற்றியே கிடந்தது. சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம். நாதனும் அவர் கூட்டாளிகளும் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். கூலியில் சமம் வேண்டும். பெண்களிடம் கை வைக்கும் துரைகளும் கிராணிகளும் அடக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி, நோயாளிக்கு மருந்து. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அதே பட்டியலில் ஒரு வரி: கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்பதையும் கள்ளுக்கடையை மூடு என்பதையும் ஒரே தாளில் எழுதிய மனிதரின் அறிவை நான் வணங்குகிறேன். இரண்டும் ஒரே பூட்டின் சாவிகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குடிக்காத தொழிலாளி கடனில் சிக்கமாட்டான், கடன் இல்லாதவன் கூலி கேட்பான். காந்தி குல்லா அணிந்து தொழிலாளர்கள் நின்றபோது தோட்ட முதலாளிகள் சங்கத்துக்குக் குலை நடுங்கியது. உலகத்துக்கே ரப்பர் தேவைப்பட்ட நேரம் அது. அவர்களுடைய பயம் கூலி உயர்வோடு முடியவில்லை. பணிந்துபோன பழக்கம் போய்விடும் என்பதுதான் பெரிய பயம்.

1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். ஆளுநர் ஷெண்டன் தாமஸ் பட்டாளத்தை இறக்கினார். கூட்டத்தின் மீது சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை. நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறேழு மாதத்தில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான். ஷெண்டன் தாமஸ் சிங்கப்பூரில் சிறைப்பட்டார். தன் நாட்டை வாழவைத்த உழைப்பாளியைச் சுடவிட்டவருக்கு அந்தச் சிறை குறைவு என்பது என் அபிப்பிராயம்.

கள்ளுக்கடை எதிர்ப்பு நாதனோடு சாகவில்லை. யுத்தம் முடிந்ததும் கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ.எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். குடிக்க வந்தவனைத் தடுத்து நிறுத்தினார்கள், கடைகளுக்கு முன் அணிவகுத்தார்கள். 1947இல் போலீஸ் அவர்கள்மீது பாய்ந்தது. பனங்கள்ளோ தென்னங்கள்ளோ குடிக்காதே என்று தமிழன் தமிழனிடம் சொன்னதற்குத் தடியடி. மதுவிலக்கு ஓர் ஒழுங்குப் பிரச்சினையாக அதிகாரிகளுக்குத் தெரிந்ததற்குக் காரணம், கள்ளு அவர்கள் புத்தகத்தில் வரவுப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. தாங்கள் உரிமம் கொடுக்காத சம்சுவை ஒழிக்க இதே போலீஸ் வந்தது. உரிமம் கொடுத்த கள்ளைக் காக்கவும் இதே போலீஸ்.

இனி 2023. பிப்ரவரி 24ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தில் பிரதமர் அன்வார் நிக்கோட்டின் திரவத்துக்குக் கலால் வரி அறிவித்தார். வசூலில் பாதி சுகாதார அமைச்சுக்குப் போகும் என்றார். ஆனால் நச்சுச் சட்டத்தில் விஷம் என்று எழுதிவைத்த பொருளை ஒட்டுக்கடையில் விற்கவிட்டு வரி வாங்க முடியாது. ஆகவே மார்ச் 31இல் சுகாதார அமைச்சர் ஸலிஹா முஸ்தபாவின் உத்தரவில் மின்சிகரெட் திரவமும் ஜெல்லும் பட்டியலை விட்டு வெளியேறின. மறுநாள், ஏப்ரல் 1, ஒரு மில்லிலிட்டருக்கு 40 காசு வரி ஓட ஆரம்பித்தது. எட்டு ஆண்டு விஷம் ஒரே இரவில் வருமானமானது. கள்ளு லாபத்தில் நலநிதி, வேப் வரியில் ஆஸ்பத்திரி. தோட்டத்துப் பழைய ஏற்பாட்டை நன்றாக அறிந்த நம் பெரியவர்கள் யாரும் அந்த 50 விழுக்காட்டைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

பட்டியலிலிருந்து எடுத்தார்கள், வயதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் மட்டும் தயாராக இல்லை. அது 852ஆம் சட்டமாக அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1ஆம் தேதி. இடையில் 18 மாதம், நிக்கோட்டின் வேப்பைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விற்றாலும் தடுக்க நாடு முழுமைக்குமான சட்டம் இருக்கவில்லை. வரி வசூலுக்கு ஒரே நாள் போதுமாயிருந்தது. மெர்லிமாவிலும் பெம்பானிலும் உள்ள பிள்ளைகளைக் காக்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. இதற்கு அன்றைய அமைச்சரவை முழுவதும் பொறுப்பு. ஒரு பெண் அமைச்சரின் தலையில் மட்டும் போட்டுவிட்டு மற்றவர்கள் நகர்ந்துகொண்டது சரியில்லை.

நாதன் இந்த வாரம் இடத்தை எடுத்துக்கொண்டார். நச்சு வாரியம் அந்த மாற்றத்தை ஏன் எதிர்த்தது, ஜூன் மாதம் மூன்று அமைப்புகள் என்ன கேட்டு நீதிமன்றம் போயின, 2007 முதல் பிறந்தவர்களுக்கு விற்பதைத் தடுக்க, முன்பு சுகாதார அமைச்சராக இருந்த கைரி கொண்டுவந்த பிரிவு நவம்பரில் மசோதாவிலிருந்து எப்படி உதிர்ந்தது என்பவை அடுத்த வாரம்.