வறட்சியும் சருகுத்தீயும்: பிளிகிரி ரங்கன் மலையை முன்வைத்து

காட்டுத்தீ மூண்டதும் பழி வறட்சியின்மேல் விழுகிறது. மழை பொய்த்த ஆண்டில் இலையுதிர்காடு எளிதில் பற்றும் என்பது உண்மையே. ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த புதரை ஒரு கோடை உண்டாக்குவதில்லை. உலர்த்த மட்டுமே செய்கிறது. எரிவதற்கு என்ன சேர்ந்திருக்கிறது என்பதில் வன நிர்வாகத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், சத்தியமங்கலம் காட்டை ஒட்டியுள்ளது பிளிகிரி ரங்கன் மலை. இங்கு வாழும் சோலிகர் பழங்குடியினர், காடு முற்றிலும் காயுமுன் பின்பனிக் காலத்திலேயே தரைச்சருகுக்குத் தீயிட்டு வந்தனர். தாழ எரியும் அத்தீ பெருமரங்களைத் தீண்டாது; புல் தழைக்கும்; நெல்லி மரத்துப் புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும் என்பது அவர்கள் பட்டறிவு. 1974இல் இம்மலை சரணாலயமானது. சரணாலயத்தில் தீயிடுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்வதால் இவ்வழக்கம் நின்றது.

அதன்பின் உண்ணிச்செடி காட்டின் கீழடுக்கை நிரப்பியது. 1997, 2008 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், அச்செடி காணப்பட்ட ஆய்வுக் கட்டங்களின் பங்கு ஏறத்தாழ இரட்டித்திருந்தது. அடர்ந்த அப்புதர் வறண்ட கோடையில் ஏணிபோல் நின்று தரைத்தீயை மரக்கிளைகளுக்கு ஏற்றுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. தீயே உண்ணிச்செடிக்கு இடம் திறக்கிறது, அச்செடி மறுபடி தீயை வளர்க்கிறது என்ற சுழற்சிக் கருதுகோளை அங்கிலா ஹிரேமத்தும் பாரத் சுந்தரமும் 2005இல் முன்வைத்தனர். பின்னர் 2012இல் சுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் சோலிகர் பட்டறிவைப் பதிவுசெய்தபோது, தீயை நிறுத்தியதே செடி பரவக் காரணம் என்ற விளக்கம் மேலெழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. செடி வேரூன்றுமுன் இட்ட பின்பனிக்காலத் தீ அதன் நாற்றுகளை அழித்தது. புதர் மண்டியபின் கோடையில் மூளும் தீ, வேரடியிலிருந்து அது மீண்டும் தழைக்க வழிவிடுகிறது. எனவே தீ நல்லதா, கெட்டதா என்ற கேள்வியே பிழையானது. எப்பருவத்தில், எவ்வளவு எரிபொருள்மேல் என்பதே கேட்க வேண்டியது.

தீத்தடை மீதான இந்த ஐயம் வனத்துறைக்கும் புதிதன்று. தீத்தடுப்பு மிகையாவது பர்மியத் தேக்குக் காட்டுக்குக் கேடு என்று வன அலுவலர் ஸ்லேட் 1896இலேயே எழுதினார். இன்றும் வனத்துறை கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளை எரித்துச் சுத்தம் செய்கிறது. கோட்டில் ஏற்ற நெறியைக் காட்டுக்குள் மறுப்பதற்கு, உண்ணிச்செடி மண்டிய இடங்களில் மட்டுமே வலுவான காரணம் உண்டு. அங்கு உடனே தீயிடுவது ஆபத்து; முதலில் செடியை வேரோடு அகற்ற வேண்டும். மண்டாத பகுதிகளில் சோலிகர் வழிகாட்டலில் சருகுத்தீயைச் சோதித்துப் பார்க்கலாம். வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011இல் சமூக உரிமை பெற்ற அம்மக்களைத் தீயணைக்கும் கூலியாட்களாக மட்டும் வைத்திருப்பது, அச்சட்டத்தின் நோக்கத்துக்கும் காட்டின் நலனுக்கும் பொருந்தாது.