இரத்தப் பரிசோதனையில் ஆட்டிசம் தெரியுமா?

ஆட்டிசத்தை இரத்தத்தில் கண்டறியும் முயற்சிகள் நடந்து வருகின்றன. 2018இல் பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தாலியில் 5 முதல் 12 வயது வரையிலான 69 குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். அவர்களில் 38 பேருக்கு ஆட்டிசம் இருந்தது. அந்த 38 பேரின் இரத்தப் புரதங்களில், ஆக்சிஜனேற்றச் சிதைவைக் காட்டும் டைடைரோசின் கூடுதலாகக் காணப்பட்டது.

நல்ல தொடக்கம்தான். ஆனால் 69 குழந்தைகளை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இன்றும் மருத்துவர்கள் குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சியையும் கவனித்தே ஆட்டிசத்தை உறுதி செய்கிறார்கள்.

எனவே, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, முகம் பார்க்காமை, விரல் நீட்டிக் காட்டாமை, பேச்சுத் தாமதம் ஆகியவற்றைக் கண்டால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று நாம் நாள் கடத்தக் கூடாது. உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுவோம். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, பிள்ளைக்கு அவ்வளவு நல்லது.