தேவாலயத்துக்குள் சென்ற பிள்ளைகள்

யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகள் தேவாலயத்துக்குச் சென்று கிறிஸ்தவத்தைக் கற்றமை புதிய செய்தியன்று. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க ஆலயங்களைத் தமது சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாக்கினர். கோயிற்பற்றுகள் தோறும் தேவாலயத்தோடு இணைந்த பள்ளிக்கூடங்களை நடத்தினர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களின் தேவாலயங்களை, அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலின் சித்திரங்களிற் காணலாம்.

அப்பள்ளிகளில் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கப்பட்டன. ஆயினும் செபமும் சமய வினாவிடையுமே முதன்மை பெற்றன. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளி ஆசிரியரே தோம்பிற் பதிந்தார். அப்பதிவு இல்லாதவரின் விவாகமும் முதுசொம் உரிமையும் சிக்கலுக்குள்ளாயின. எனவே பிள்ளைகள் பள்ளியில் வினாவிடையை மனனம் செய்தனர்; வீட்டிலோ சைவம் மறைவாகத் தொடர்ந்தது. விரதச் சோறுண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி ஒளித்த கதையை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியது. கட்டாயம் நீங்கவே, தோம்பிற் கிறிஸ்தவராயிருந்தோரிற் பெரும்பாலோர் கோயில்களுக்குத் திரும்பினர். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்த கட்டடங்களையே திருத்தி எடுக்க வேண்டியிருந்தது. 138 ஆண்டுக் கட்டாயம் விட்டுச்சென்றது அவ்வளவே.

அந்த யாழ்ப்பாணத்தாரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். அங்கும் அவர்கள் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அந்நாட்டின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சமயபாடத்தைக் கட்டாயமாக்கியது. பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையையும் பெற்றோருக்கு அளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவத்துக்கு முதன்மை கொடுத்தபோதும் ஏனைய பெருஞ்சமயங்களையும் பாடத்திட்டத்திற் கருத்திற்கொள்ளுமாறு பணித்தது. ஆகவே ஞானஸ்நானத் தொட்டி எதற்கு, பீடம் எதற்கு, கண்ணாடிச் சாளரத்துச் சித்திரங்கள் எந்தக் கதையைச் சொல்கின்றன என்று பிள்ளைகள் பாதிரியாரிடம் வினவுகின்றனர். அங்கே வினா பிள்ளையுடையது. ஒல்லாந்தர் பள்ளியிலோ வினாவும் விடையும் ஆசிரியருடையன.

இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு கையேற்றது. பாடசாலை மதமாற்றக் களமாகிறது என்ற நெடுங்கால மனக்குறையும் அதற்கு ஒரு காரணம். இன்று சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் என அவரவர் சமயமே பாடமாகிறது. வற்புறுத்தல் நீங்கியது நன்றே. ஆனால் ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகள் சமயபாட வேளையில் வெவ்வேறு வகுப்பறைகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். அடுத்த வீட்டுப் பிள்ளையின் வழிபாட்டை அறிய நம் பாடத்திட்டத்தில் இடம் மிகக் குறைவு.

இலண்டனில் வளரும் சைவப் பிள்ளை தேவாலயத்தைப் பார்த்துவிட்டுச் சைவனாகவே வீடு திரும்புகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அவ்வாறே திரும்பும். கிறிஸ்தவப் பிள்ளை நல்லூர் வீதியைச் சுற்றி வந்தாலும் அதன் விசுவாசம் குன்றாது. தண்டமும் தோம்பும் இல்லாத அத்தகைய வருகையை நம் ஆரம்பப் பாடசாலைகள் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டமெதுவும் தேவையில்லை.